குடுவைச் செடியும் நம் குடியிருப்பும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் இலக்கியம் பற்றியும், இசை பற்றியும், சமயம் பற்றியும் கற்றறிந்த பெரியோர் பேசக் கேட்டு நாம் மகிழ்ந்திருக்கிறோம். அத்தகைய புலமை எனக்கு இல்லை. ஆயினும், தொட்டிச் செடிகளோடு நான் பல ஆண்டுகளாகப் பழகி வருவதை அறிந்த நம் செயலாளர் அவர்கள், செடி ஒன்றைப் பற்றியாவது நீர் பேசத்தான் வேண்டும் என்று பணித்தார்கள். எந்தச் செடியைப் பற்றிப் பேசுவது என்று எண்ணியபோது, நம் கௌகாத்திக் குடியிருப்பில் இப்போது பலரும் ஆசையோடு கேட்கும் செடி ஒன்று நினைவுக்கு வந்தது. அதுவே பூச்சியுண்ணும் குடுவைச் செடி. நெப்பந்தஸ் என்பது அதன் அறிவியற் பெயர்.

விடுமுறை நாட்களில் நம்மவர்கள் ஷில்லாங், ஜோவாய் முதலிய இடங்களுக்கு உல்லாசப் பயணம் போகிறார்கள். போகிறவர்களுள் சிலர், வழியோரத்தில் விலைக்கு வாங்கியோ, குன்றின் சரிவிலிருந்து தாமே பிடுங்கியோ, ஒரு குடுவைச் செடியைப் பாலிதீன் பையில் சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். நல்ல செம்மண்ணும் சாணி எருவும் கலந்து தொட்டியில் நட்டு, நாள்தோறும் குழாய் நீர் ஊற்றி, குழந்தையைப் போலப் பேணுகிறார்கள். சில மாதங்களில் செடி கருகி விடுகிறது. "நம் கைராசி அவ்வளவுதான்" என்று வருந்துகிறார்கள். அன்பர்களே, இதில் கைராசிக்கு இடமே இல்லை. அந்தச் செடியின் இயல்பு நமக்குத் தெரியாததே காரணம். அதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. அந்தச் செடி கருகும்போது நம் வீட்டுத் தொட்டி மட்டும் வெறுமையாவதில்லை. இந்திய நாட்டின் செல்வத்தில் ஒரு துளி குறைகிறது. எங்ஙனம் என்பதைச் சொல்லுகிறேன்.

குடுவைச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன் தீவுகளே அவற்றின் முதன்மையான தாயகம். மேற்கே மடகாஸ்கர் வரையிலும் அவை பரவியிருக்கின்றன. இலங்கையில் ஓர் இனம் உண்டு. இந்தியாவிலும் இயற்கையாக வளர்வது ஒரே ஓர் இனந்தான். அதன் பெயர் நெப்பந்தஸ் காசியானா. காசி மலையின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. மேகாலயாவின் காசி, ஜயந்தியா, காரோ மலைகளிலன்றி, உலகில் வேறெங்கும் அதற்குச் சொந்த இடம் இல்லை. ஜயந்தியா மலைகளில் ஜராயின் என்னும் ஊர்ப் பக்கத்திலும், தெற்குக் காரோ மலையில் பாக்மாரா என்னும் ஊர்ப் பக்கத்திலும் அதனை இன்றும் காணலாம். காரோ மக்கள் அதனை 'மேமாங் கோக்சி' என்று அழைக்கிறார்கள். பேயின் கூடை என்பது அதன் பொருள். காசி மக்கள் அரக்கப் பூ என்னும் பொருள்படப் பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் உண்மையில் அது பூவன்று; இலையின் ஒரு பகுதியே அது.

இச்செடியின் வரலாறும் சுவையானது. ஹோமர் என்னும் கிரேக்கப் புலவர் தம் காவியத்தில் துயரத்தை மறக்கச் செய்யும் மருந்து ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறார். தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர், அந்த மருந்தின் பெயரையே இச்செடிக்கு வைத்தார். இவ்வளவு விந்தையான செடியைக் கண்டவன் தன் களைப்பெல்லாம் மறந்து போவான் என்பது அவர் கருத்து. நம் காசி மலை இனத்தை உலகுக்கு விவரித்தவர் ஜோசப் டால்டன் ஹூக்கர். அவர் 1850ஆம் ஆண்டில் காசி மலைகளில் சுற்றித் திரிந்து தாவரங்களைச் சேகரித்தவர். 1873இல் இவ்வினத்துக்குப் பெயர் சூட்டினார். மறு ஆண்டு, 1874இல், பெல்பாஸ்ட் நகரில் கூடிய அறிவியல் மாநாட்டில், இக்குடுவைகள் புலால் உணவைச் செரிக்கின்றன என்பதைத் தம் சோதனைகளைக் கொண்டு எடுத்துரைத்தார். அவருடைய நண்பர் சார்லஸ் டார்வின் 1875இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதி வெளியிட்டார்.

இனி, இக்குடுவை எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். இலையின் நடுநரம்பு நுனியைக் கடந்து ஒரு கம்பி போல நீளுகிறது. அக்கம்பியின் முனை பருத்து, மேல்நோக்கி வளைந்து, மூடியோடு கூடிய ஒரு குடுவையாகிறது. முற்றும் வளர்ந்தபின் மூடி திறக்கிறது. பூச்சி உள்ளே விழுந்ததும் அந்த மூடி 'டப்'பென்று மூடிக்கொள்ளும் என்று குழந்தைகளுக்குக் கதை சொல்லுகிறோம். அது உண்மையன்று. ஒருமுறை திறந்த மூடி மறுபடி மூடுவதே இல்லை. மழைநீர் நேரே விழுந்து உள்ளிருக்கும் சாற்றை நீர்க்கச் செய்யாதபடி காக்கும் குடை அது.

மூடியின் அடியிலும் வாய் விளிம்பிலும் தேன் சுரக்கிறது. எறும்புகள் தேனை நாடி வருகின்றன. விளிம்பில் நுண்ணிய வரிகள் இருக்கின்றன. பனியோ மழையோ பட்டு ஈரமானால், மழை நாளில் பாசி பிடித்த படிக்கட்டைப் போல அது வழுக்குகிறது. கால் இடறிய எறும்பு உள்ளே விழுகிறது. உட்சுவரின் மேற்பகுதியில் மெழுகு பூசினாற்போல் இருப்பதால் மேலேற முடிவதில்லை. அடியில் உள்ள புளிப்புச் சாறு அதனைச் செரித்து விடுகிறது. அதிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் குடுவையின் சுவர் உறிஞ்சிக் கொள்ளுகிறது. இன்னுமொரு விந்தையைக் கேளுங்கள். நம் காசி மலைச் செடியின் குடுவை விளிம்பில் புற ஊதாக் கதிர் பட்டால் அது நீல நிறமாக ஒளிர்கிறது என்று திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு தாவரவியல் தோட்டத்து ஆராய்ச்சியாளர் 2013இல் கண்டு வெளியிட்டார்கள். நம் நாட்டுச் செடியை நம் நாட்டாரே ஆராய்ந்து உலகுக்கு உரைத்தது நமக்குப் பெருமையல்லவா?

இச்செடி ஏன் இப்படிப் பூச்சி தின்னப் புகுந்தது? இதுவே நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி. மேகாலயாவின் தென்சரிவிலே, சிரபுஞ்சிப் பக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 11,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. அம்மலைகளின் மழை மண்ணிலுள்ள சத்துக்களையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சியிருப்பது ஏழை மண். அந்த ஏழை மண்ணிலே மற்றச் செடிகள் வாடும்போது, இச்செடி மண்ணை நம்பாமல் காற்றிலே ஒரு பாத்திரத்தை ஏந்தி, தன் உணவைத் தானே தேடிக் கொள்ளக் கற்றது. ஆகவே அதன் வேர் சிறியது, மெல்லியது. வளமான மண்ணை அது தாங்காது. நாம் ஆசையோடு இடும் எரு அதற்கு நஞ்சு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இச்செடிக்கோ, எருவைப் பொறுத்தவரை, அளவே நஞ்சு! இந்த ஓர் உண்மையை மனத்தில் கொண்டால் வளர்ப்பு முறை முழுவதும் தானே விளங்கும்.

முறையைச் சொல்லுமுன் ஓர் எச்சரிக்கை. மலையிலிருந்து இச்செடியைக் கொண்டுவருவது வேண்டாத செயல் மட்டுமன்று; குற்றமும் ஆகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் மிகச் சில தாவரங்களுள் இந்தியக் குடுவைச் செடியும் ஒன்று. காட்டிலிருந்து அதைப் பறிப்பதும், உரிமமின்றி வளர்ப்பதும் விற்பதும் சட்டப்படி தடுக்கப்பட்டவை. நாடுகளுக்கிடையே நடக்கும் வாணிகத்திலும் அதற்கு மிகக் கடுமையான தடை உண்டு. பாக்மாராவில் இச்செடிக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. அதன் பரப்பு எவ்வளவு தெரியுமா? ஏழு ஏக்கருக்கும் குறைவு! நிலக்கரிச் சுரங்கமும், கற்சுரங்கமும், காட்டை எரித்துப் பயிரிடும் முறையும் அதன் இடத்தைச் சுருக்கி வருகின்றன. அதற்குமேல் செடிப் பிரியர்களாகிய நாமும் ஆளுக்கொன்றாகப் பிடுங்கி வந்தால் மிஞ்சுவது என்ன? காட்டை அழிப்பவன் பணத்துக்காக அழிக்கிறான். நாமோ அன்பினாலேயே அழிக்கிறோம். வழியில் எவரேனும் விற்றாலும் வாங்காதீர்கள். வாங்குகிறவர் இல்லையென்றால் பிடுங்குகிறவரும் இரார்.

அப்படியானால் வீட்டிலே குடுவைச் செடி வளர்க்கவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக வளர்க்கலாம். பிலிப்பைன் தீவுகளைச் சேர்ந்த இரண்டு இனங்களின் கலப்பினால் தோன்றிய 'வெண்ட்ராட்டா' என்னும் செடி, சோதனைக் குழாய் முறையில் பெருக்கப்பட்டு, நம் நாட்டு நர்சரிகளில் நேர்மையாகக் கிடைக்கிறது. அதன் குடுவை இளஞ்சிவப்பும் பசுமையும் கலந்து மிக அழகாயிருக்கும். நம் ஊர் வெயிலையும் குளிரையும் தாங்கும் கடினமான உடல் அதற்கு. தொடக்கக்காரர்க்கு அதைவிட நல்ல செடி இல்லை. இனி நான் சொல்லும் முறைகள் யாவும் அதற்குரியவை.

முதலில் தொட்டி. மண் தொட்டியில் உப்புப் படியும். ஆகவே அடியில் நிறையத் துளைகள் உள்ள பிளாஸ்டிக் தொட்டியே நலம். ஒரு சாண் அகலம் போதும். தொங்கவிட்டால் குடுவைகள் அழகாகத் தாழ்ந்து தொங்கும். தொட்டியில் மண்ணே வேண்டாம். ஸ்பேக்னம் பாசி ஒரு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு, பெர்லைட்டோ மரக்கரித் துண்டோ ஒரு பங்கு. மட்டைத் துண்டை இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவி, அதிலுள்ள உப்பைப் போக்கிவிட வேண்டும். எருவும் பிண்ணாக்கும் உரமும் கண்ணிலும் காட்டலாகாது.

அடுத்து நீர். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நம் குடியிருப்பில் ஆழ்குழாய் நீரில் இரும்பு மிகுதி. வாளியிலே செம்மஞ்சள் கறை படிவதை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கறிவார்கள். அந்த நீரை நாள்தோறும் ஊற்றினால் உப்பும் இரும்பும் தொட்டியிலே தங்கி, மெல்ல மெல்ல வேரைக் கொல்லும். மழைநீரே இச்செடிக்கு உரிய நீர். அஸ்ஸாமில் மழைக்கா பஞ்சம்? கூரைத் தண்ணீரைப் பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து, கொசு புகாதபடி துணியால் வாயைக் கட்டி வைத்தால் பல மாதங்களுக்கு ஆகும். மழையில்லாத காலத்தில் ஆர்.ஓ. இயந்திரத்தின் நல்ல நீரை ஊற்றலாம்; அது வெளியே தள்ளும் கழிவு நீரை ஊற்றக் கூடாது. தொட்டி எப்போதும் ஈரமாயிருக்க வேண்டும். ஆனால் தட்டில் நீர் தேங்கி நிற்கலாகாது.

மூன்றாவது ஒளி. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் படும் கிழக்குத் தாழ்வாரம் மிகப் பொருத்தம். நண்பகல் வெயில் இலையைச் சுடும். இருட்டறையில் வைத்தால் இலை கரும்பச்சையாக நீண்டு வளருமே தவிர, குடுவை வராது. இலை தழைத்தும் குடுவை காணவில்லையே என்று கேட்பவர்க்கு என் விடை இரண்டே சொற்கள்: ஒளி, ஈரக்காற்று. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் கம்பி முனை பருக்காமல் கருகிவிடும்.

நம் ஊர்ப் பருவங்களையும் கவனிக்க வேண்டும். சித்திரை முதல் ஐப்பசி வரை காற்றில் ஈரம் இருக்கிறது. செடி தானே செழிக்கும். மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் பத்து டிகிரி அளவுக்கு இறங்கும். அப்போது செடியை வீட்டுக்குள் சன்னலோரம் வைத்து, நீரைக் குறைத்து, அதையும் நண்பகலில் ஊற்ற வேண்டும். மாசியும் பங்குனியும் வறண்ட காற்றும் புழுதியும் நிறைந்த மாதங்கள். அப்போது புதுக் குடுவை வராது, அஞ்ச வேண்டாம். தொட்டிகளை நெருக்கி வைத்து, காலையில் இலைகளின்மேல் மழைநீர் தெளித்து வந்தால், பிஹு கொண்டாடும் நேரத்தில் மழை வந்து மற்றதைப் பார்த்துக் கொள்ளும்.

உணவைப் பற்றி இரண்டொரு சொல். குழந்தைகளே, நீங்கள் குடுவையில் சோற்றுப் பருக்கையும், கறித்துண்டும், பிஸ்கட்டும் போடுகிறீர்கள். அவை அழுகிக் குடுவை முழுவதும் நாறிப்போகும். எறும்பு ஒன்றிரண்டு தாமே விழுந்தால் அதுவே விருந்து. வெளியில் தொங்கும் செடிக்கு நாம் ஊட்ட வேண்டியதே இல்லை. கொசு ஒழியும் என்று எண்ணி வாங்குவோரும் ஏமாறுவர். பெரும்பாலும் விழுவது எறும்பே. சில கொசு இனங்களின் புழுக்களோ அந்தச் சாற்றிலேயே சுகமாக வாழ்கின்றன! குடுவையில் நாம் நீர் நிரப்பவும் கூடாது. வரும் வழியில் பார்சலில் கவிழ்ந்து சாறு கொட்டிப்போயிருந்தால் மட்டும், கால் பங்குக்கு மேற்படாமல் மழைநீர் விடலாம். ஒவ்வொரு குடுவைக்கும் சில மாதங்களே ஆயுள். மேலிருந்து காய்ந்து வரும். முழுதும் காய்ந்தபின் வெட்டினால் போதும்.

இனிப் பெருக்கும் முறை. விதையால் பெருக்குவது நமக்கு எளிதன்று. இச்செடியில் ஆண் வேறு, பெண் வேறு. இரண்டும் ஒரே காலத்தில் பூத்தால்தான் விதை. விதையோ நூலிழை போன்றது. விரைவில் முளைப்புத் திறனை இழந்துவிடும். முளைத்தாலும் முழுக் குடுவை காணச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும். தண்டுத் துண்டால் பெருக்குவதே நம் போன்றோர்க்கு உற்ற வழி.

செடி கொடியாக நீண்டபின், சித்திரை வைகாசியில், நல்ல மழை தொடங்கும் நேரத்தில் செய்ய வேண்டும். புதிய பிளேடு ஒன்றை ஸ்பிரிட்டால் துடைத்துக் கொள்ளுங்கள். தாய்ச் செடியில் மூன்று நான்கு இலைகளை விட்டுவிட்டு, மேற்கொடியை வெட்டி, துண்டுக்கு இரண்டு மூன்று கணு இருக்கும்படி சாய்வாக நறுக்குங்கள். அடியிலையை நீக்கி, மற்ற இலைகளைப் பாதியாகக் கத்தரித்து விடுங்கள். இரக்கம் காட்டி முழு இலையையும் விட்டால், வேரில்லாத தண்டு அத்தனை இலைக்கும் நீர் தர முடியாமல் வாடும். குடுவைகளையும் நீக்கிவிட வேண்டும். பிறகு ஒரு கணுவாவது உள்ளே இருக்கும்படி, ஈரப் பாசியில் நடுங்கள். அடிமுனை கீழே, நுனிமுனை மேலே; இதை மாற்றி நட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர் உண்டு! பாசியைப் பிழிந்தால் இரண்டொரு சொட்டு நீர் வரலாம், ஒழுகக் கூடாது.

நட்டபின் அடி வெட்டிய குடிநீர்ப் புட்டியையோ, பாலிதீன் பையையோ கவிழ்த்து மூடி, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை சிறிது நேரம் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். கறுத்து அழுகும் துண்டை உடனே எடுத்தெறிந்து விடுங்கள். மற்றவை பசுமையாகவே இருக்கும். பல வாரங்கள் ஒன்றுமே நடவாதது போலத் தோன்றும். பிடுங்கிப் பார்க்காதீர்கள்! கறுத்த, மயிரிழை போன்ற அந்த வேர், தொட்டாலே ஒடியும் தன்மையது. ஒன்றிரண்டு மாதத்தில் கணுவின் பக்கத்தில் சிறு மொட்டுப் பருக்கும். பிறகு மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். மூன்று நான்கு மாதம் கழித்து, பாசியோடு சேர்த்தே தனித்தொட்டிக்கு மாற்றலாம். முதலில் வரும் குடுவைகள் சுண்டு விரலளவே இருக்கும். தாய்ச் செடியோ வெட்டிய இடத்துக்குக் கீழே புதுக்கிளை விட்டு முன்னிலும் அடர்ந்து வளரும். ஆகவே வெட்டுவதற்கு அஞ்ச வேண்டாம்.

சற்றுக் கணக்குப் பாருங்கள். ஒரு கொடியில் ஆறு துண்டு எடுத்து, நான்கே பிழைத்தாலும், ஒரு மழைக்காலத்தில் நான்கு வீட்டுக்குச் செடி ஆயிற்று. அந்நான்கும் கொடியாக வளர்ந்தபின் தலைக்கு நான்கு தந்தால் பதினாறு. மலைக்குப் போய்ப் பிடுங்க வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது? நமக்கோ அடிக்கடி மாற்றல் உத்தரவு வருகிறது. தட்டுமுட்டுச் சாமான்களோடு பெரிய செடியைத் தூக்கிச் செல்ல முடிவதில்லை. ஆனால் ஈரப் பாசியில் சுற்றிய இரண்டு துண்டுகளைக் கைப்பையில் கொண்டு போகலாம். தாய்ச் செடி அடுத்த வீட்டில் இருக்கட்டும். பிள்ளைச் செடி புதிய ஊரில் வேரூன்றட்டும். ஊர்விட்டு ஊர் வந்து வேரூன்றிய நமக்கு இதன் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நிறைவாக இச்சங்கத்தின்முன் ஒரு விண்ணப்பம். இம்மலை நாடு நமக்குப் பிழைப்பும், நண்பர்களும், மழையும், பசுமையும் தந்திருக்கிறது. விருந்தினராக வந்தவர் வீட்டுக்காரரின் பொருளைக் கேளாமல் எடுத்துச் செல்வது தமிழ்ப் பண்பன்று. காசி மலைச் செடி காசி மலையிலேயே இருக்கட்டும். ஜராயினுக்கோ பாக்மாராவுக்கோ போகும்போது, குழந்தைகளை அழைத்துச் சென்று தூரத்தில் நின்று காட்டுங்கள், புகைப்படம் எடுத்துக் கொள்ளுங்கள், வெறுங்கையோடு திரும்புங்கள். வீட்டில் வளர்க்க ஆசைப்படுவோர் என்னிடம் சொல்லலாம். என் தாழ்வாரத்தில் இருக்கும் வெண்ட்ராட்டாக் கொடிகளிலிருந்து, வரும் சித்திரையில், கேட்கும் குடும்பங்களுக்கெல்லாம் முறை வைத்து ஒவ்வொரு துண்டு தருகிறேன். விலை ஒன்றும் வேண்டாம். நிபந்தனை ஒன்றே: உங்கள் செடி கொடியாக வளர்ந்ததும், நீங்கள் இன்னும் இரண்டு வீட்டுக்குத் துண்டு தர வேண்டும்.